கட்டிப்போட்ட காவல் நாய்

போன வாரம் ஆபீஸில் ஒரு போர்டை நோண்டிக்கொண்டிருந்தேன். டீபக் பண்ணும்போதெல்லாம் வாட்ச்டாக் டைமர் குறுக்கே புகுந்து ரீசெட் பண்ணித் தொலைத்தது. "அப்புறம் பாத்துக்கலாம்"னு அதை ஆன் பண்ணும் வரியை கமெண்ட் போட்டு அடைத்தேன். சுத்தமா மறந்தும் போனேன். ரெண்டு நாள் கழித்து டெஸ்டிங்கில் போர்டு ஹேங் ஆகி, ராத்திரி முழுக்கப் பிணம் மாதிரி கிடந்திருக்கிறது. தப்பு நம்மளோடதுதான். அந்த வரியைத் திரும்பப் போடும்போது கிளமென்டைன் ஞாபகம் வந்தது.

கதைக்கு முன்னாடி, வாட்ச்டாக் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. அது ஒரு சின்ன கவுண்ட்டர், அவ்வளவுதான். புரோகிராம் ஒழுங்கா ஓடினால் குறித்த நேரத்துக்குள் அதை மறுபடி முதலிலிருந்து எண்ண வைக்கும். நாய்க்கு வேளாவேளைக்குச் சோறு வைப்பது மாதிரி. சோறு வரலைன்னா வீட்டில் ஏதோ சரியில்லைன்னு நாய் முடிவு பண்ணி பொட்டியை ரீசெட் பண்ணிவிடும். நம்ம மேஜையில் இருக்கும் பொட்டி தொங்கினால் பவரை அணைத்துப் போடலாம். நிலாவுக்குப் போனதை யார் போய் அணைப்பது? அதனால்தான் அப்போலோ கம்ப்யூட்டரிலேயே 'நைட் வாட்ச்மேன்' என்ற பெயரில் இந்த வேலைக்கு ஒரு சர்க்யூட் வைத்திருந்தார்கள்.

சரி, கிளமென்டைன். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் சேர்ந்து 1994 ஜனவரி 25 அன்று அனுப்பிய விண்கலம். ரெண்டு மாசத்துக்கு மேல் நிலாவைச் சுற்றி சுமார் 18 லட்சம் படங்கள் எடுத்துத் தள்ளியது. அடுத்து ஜியோகிராபோஸ் என்ற சிறுகோளைப் பார்க்கப் போக வேண்டும். மே 7 அன்று கம்ப்யூட்டர் கோளாறாகி ஒரு த்ரஸ்டர் தானாகத் திறந்துகொண்டது. 11 நிமிஷம் எரிந்தது. கீழேயிருந்து அனுப்பிய கட்டளை எதையும் பொட்டி காதில் வாங்கவில்லை. ஒருவழியாக உயிர் வந்தபோது எரிபொருள் காலி, விண்கலம் நிமிஷத்துக்கு 80 சுற்று பம்பரமாச் சுற்றிக்கொண்டிருந்தது. சிறுகோள் பயணம் அவ்வளவுதான்.

வயிற்றெரிச்சல் என்னன்னா, அந்த ஹார்டுவேரில் வாட்ச்டாக் இருந்தது. சாஃப்ட்வேர்தான் அதைப் பயன்படுத்தவில்லை. நாய் வீட்டிலேயே இருந்தது, அவிழ்த்துவிடத்தான் ஆளில்லை.

மூணு வருஷம் கழித்து இதற்கு நேர் எதிர்க் கதை. மார்ஸ் பாத்ஃபைண்டர் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கியது. சில நாளில் தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் அன்றைக்கு மிச்சமிருந்த வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. காரணம் 'பிரையாரிட்டி இன்வர்ஷன்'. ஒரு ஆபீஸில் ஸ்டோர் ரூம் சாவி ஆபீஸ் பையன் கையில் இருக்கிறது, மேனேஜர் அதற்காகக் காத்து நிற்கிறார், நடுவில் கிளார்க் ஒருவர் பையனை நகரவே விடாமல் தன் வேலையை நீட்டிக்கொண்டிருக்கிறார். இங்கே பையன் வானிலைத் தகவல் சேர்க்கும் டாஸ்க், மேனேஜர் டேட்டா பஸ்ஸைக் கவனிக்கும் முக்கிய டாஸ்க். மேனேஜர் வேலை நேரத்துக்கு முடியலைன்னு, வாட்ச்டாக் மாதிரி காவல் காத்த இன்னொரு டாஸ்க் கண்டுபிடித்து மொத்தத்தையும் ரீசெட் பண்ணியது.

பூமியில் இருந்த அதே மாதிரிப் பொட்டியில் பிரச்சினையை வரவழைத்துப் பிடித்தார்கள். விஎக்ஸ்வொர்க்ஸில் 'பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்' என்ற வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சாவி கையில் இருக்கும்வரை பையனுக்கும் மேனேஜர் மரியாதை கொடுப்பதுதான் அது. அங்கிருந்தே திருத்தத்தை அனுப்பி அதை ஆன் பண்ணினார்கள். 30 நாளைக்கென்று திட்டமிட்ட லேண்டர் செப்டம்பர் 27 வரைக்கும் பேசியது.

இந்த ரீசெட் கிளப்புவதற்கு முன்பே, பூமியில் நடந்த சோதனைகளிலேயே ஓரிரு தடவை தலைகாட்டியதாம். மறுபடி வரவழைக்க முடியாததால் விட்டுவிட்டார்கள். எனக்கு அதைப் படித்ததும் சுருக்கென்றது. நானும் என் போர்டின் ரீசெட்டைத் தொல்லைன்னுதானே நினைத்தேன்? அது ஏன் குரைக்கிறதுன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வாட்ச்டாக் எந்த நோயையும் குணமாக்காது, நாம வந்து பார்க்கிறவரைக்கும் உயிரைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

இப்போ அந்த வரியைத் திரும்பப் போட்டாச்சு. ரீசெட் இன்னும் வருகிறது. காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன் :-)