பறிமுதல் பணம் யார் கைக்குப் போகிறது? அமெரிக்க மாநிலச் சட்டங்களும் காவல்துறையின் பொறுப்புடைமையும்

அமெரிக்காவின் உரிமையியல் பறிமுதல் வழக்குகளில் எதிர்த்தரப்பு மனிதரன்று, பொருள். 2006இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கின் தலைப்பே 'அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்' என்பதாகும். பணம் இருந்த காரில் போதைப்பொருள் எதுவும் அகப்படவில்லை. பணம் மட்டும் அரசுக்குப் போயிற்று. பொருளின்மீதே வழக்கு என்பதால், உரிமையாளர் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. ஏழையாயினும் அரசுச் செலவில் வழக்கறிஞர் கேட்கும் உரிமையும் பொதுவாகக் கிடையாது.

இதைச் சீர்திருத்த முனைவோர் நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது, எவ்வளவு சான்று போதும் என்பதிலேயே பெரிதும் கவனம் செலுத்தி வந்துள்ளனர். அது தேவையானதுதான். ஆயினும் காவல்துறையின் பொறுப்புடைமை தீர்மானமாகும் இடம் அதுவன்று. பறித்த பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது என்பதே முதற்கேள்வி. கைப்பற்றும் துறையே அதை வைத்துக்கொள்ளும்வரை, சான்றின் அளவை எவ்வளவு உயர்த்தினாலும் பறிமுதலுக்கான தூண்டுதல் குறையாது. சட்டமன்றத்தின் நிதிக் கட்டுப்பாட்டுக்கு வெளியே ஒரு துறை தனக்குத் தானே வருவாய் தேடிக்கொள்ளும் நிலையும் நீங்காது.

இந்த ஏற்பாடு தற்செயலாக உருவானதன்று. 1984ஆம் ஆண்டின் குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் கூட்டாட்சி நீதித்துறைக்குத் தனிப் பறிமுதல் நிதியத்தை ஏற்படுத்தியது. உள்ளூர்க் காவல்துறை கூட்டாட்சி அமைப்புகளோடு சேர்ந்து செயல்பட்டால், பறிமுதலில் 80 விழுக்காடுவரை அதற்குத் திரும்பக் கிடைக்கும். 'நியாயப் பங்கீடு' என்று பெயரிடப்பட்ட இந்த வழி, மாநிலச் சட்டங்களைப் பக்கவாட்டில் கடந்துபோக உதவுகிறது. மிசௌரி மாநில அரசமைப்பு பறிமுதல் தொகை பள்ளிகளுக்கே சேரவேண்டும் என்கிறது. ஆனால் வழக்கைக் கூட்டாட்சி அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டால் பெரும்பங்கு காவல்துறைக்கே வந்துவிடும். 2015இல் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் இவ்வழியைச் சுருக்கினார். 2017இல் அதே பதவியிலிருந்த ஜெஃப் செஷன்ஸ் மீண்டும் திறந்துவிட்டார். ஓர் அதிகாரியின் ஆணையில் மூடித் திறக்கும் கதவைக் குடிமக்கள் நம்பியிருக்க முடியாது.

நியூ மெக்சிகோவின் அனுபவம் இங்கே மிகவும் பயனுள்ளது. அம்மாநிலச் சட்டமன்றம் 2015இல் எதிர்ப்பு வாக்கே இன்றி உரிமையியல் பறிமுதலை ஒழித்தது. முன்னாள் அரசு வழக்குரைஞரான ஆளுநர் சுசானா மார்ட்டினெஸ் அதில் கையெழுத்திட்டார். பறிமுதலுக்குக் குற்றத் தீர்ப்பு கட்டாயமாயிற்று. தொகை முழுதும் மாநிலப் பொதுநிதிக்குச் செல்லும். 50,000 டாலருக்கு மேற்படாத பொருளைக் கூட்டாட்சி அமைப்பிடம் கைமாற்றவும் தடை வந்தது. இந்த மூன்றாவது விதியே அச்சட்டத்தின் உயிர் என்பது என் மதிப்பீடு. ஆயினும் அல்புகெர்க்கி நகரம், தன் வாகனப் பறிமுதல் விதிக்கு அச்சட்டம் பொருந்தாது என்று சொல்லித் தொடர்ந்து கார்களைப் பறித்தது. மகன் குடித்துவிட்டு ஓட்டியதற்காகக் காரை இழந்த ஒரு தாய் வழக்குத் தொடுத்தார். நகரின் பறிமுதல் திட்டத்தின் வருவாய் அத்திட்டத்துக்கே திரும்புவதால் அதிகாரிகளின் முடிவில் ஆதாய நோக்கம் கலக்கும் வாய்ப்பு உண்மையானது என்றும், உரிமையாளரே தம் குற்றமின்மையை நிரூபிக்கவேண்டும் என்பது உரிய சட்ட நடைமுறைக்கு முரணானது என்றும் 2018இல் கூட்டாட்சி நீதிபதி ஜேம்ஸ் பிரௌனிங் தீர்ப்பளித்தார்.

உச்ச நீதிமன்றம் இவ்வளவு தூரம் வரவில்லை. 1996இல் பென்னிஸ் வழக்கில், கணவர் செய்த குற்றத்துக்காக மனைவிக்கும் பங்குள்ள காரைப் பறித்ததை 5-4 என ஏற்றது. 2019இல் டிம்ஸ் வழக்கில், மிகையான அபராதத்துக்கு அமெரிக்க அரசமைப்பு விதிக்கும் தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று ஒருமனதாகச் சொன்னது: உச்ச அபராதம் 10,000 டாலரே உள்ள குற்றத்துக்கு 42,000 டாலர் வாகனம் கைப்பற்றப்பட்டிருந்தது. ஆனால் 2024இல் இன்னொரு வழக்கில், கைப்பற்றிய காரைக் காவல்துறை வைத்திருக்கலாமா என்று முன்கூட்டியே தனி விசாரணை நடத்தத் தேவையில்லை என்றது. அதே வழக்கில் நீதிபதி நீல் கோர்சச், சக நீதிபதி தாமஸும் இணைந்துகொள்ள எழுதிய தனிக்குறிப்பில் இம்முறையின்மீதே கடும் ஐயங்களை எழுப்பினார்.

போதைக் கும்பல்களின் முதுகெலும்பை முறிப்பது பறிமுதலே என்று காவல்துறையினர் வாதிடுகின்றனர். பெருந்தொகை வழக்குகளில் இதில் உண்மை உண்டு. ஆனால் நீதிக்கான நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், தரவு கிடைத்த 21 மாநிலங்களில் ரொக்கப் பறிமுதல்களின் இடைநிலை மதிப்பு ஏறத்தாழ 1,300 டாலர்தான். (இந்நிறுவனம் பறிமுதலை எதிர்த்து வழக்காடும் தரப்பு; எனினும் அத்தரவு அரசுப் பதிவேடுகளிலிருந்தே பெறப்பட்டது.) அந்தத் தொகையை மீட்க வழக்கறிஞரை அமர்த்தினால், மீட்பதைவிடக் கூடுதலாகச் செலவாகிவிடக்கூடும். ஆகவே பலர் வழக்காடாமலே விட்டுவிடுகின்றனர். எதிர்ப்பாரின்றி முடியும் வழக்கில் காவலரின் நடத்தையை எந்த நீதிபதியும் சோதிப்பதில்லை.

நியாயப் பங்கீட்டை ஒழிக்கும் மசோதா காங்கிரசில் பலமுறை வந்தும் சட்டமாகவில்லை. மாநிலங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தம் காவல்துறை அப்பங்கைப் பெறுவதைத் தடைசெய்யவும், பெற்றால் அதைப் பொதுநிதியில் சேர்க்கச் சொல்லவும், ஒவ்வொரு கைப்பற்றலையும் பொதுப் பதிவேட்டில் ஏற்ற ஆணையிடவும் மாநிலச் சட்டமன்றங்களுக்கு இன்றே அதிகாரம் உள்ளது.