ஒல்லாந்தின் கணிதக் கல்விச் சீர்திருத்தமும் ஆசிரியரும்

ஒல்லாந்தர் என்றதும் ஈழத்து வரலாற்று மாணவரின் நினைவிற்கு வருவன கோட்டைகளும் தேசவழமைத் தொகுப்புமேயாம். ஆயின், அவர்தம் தாயகம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்த்திய கல்விச் சீர்திருத்தமொன்றும் நம் கவனத்திற்குரியது. அன்றாட வாழ்விலிருந்து கணிதத்தை உருவாக்கிக் கற்பிக்க ஆசிரியரைப் பயிற்றிய முயற்சியே அது.

இம்முயற்சியின் பின்னணியை முதலில் நோக்குவோம். 1957 இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணிற் செலுத்தியபோது மேலை நாடுகள் தம் விஞ்ஞானக் கல்வி குறித்து அச்சங்கொண்டன. 1959 இல் பிரான்சின் றோயோமோனிற் கூடிய கருத்தரங்கில் கணித மேதை டியூடோனே, யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தைப் பாடசாலையினின்றும் அகற்ற வேண்டுமென முழங்கினார். தொடைகளையும் அருவமான அமைப்புகளையும் முதன்மைப்படுத்திய 'நவீன கணிதம்' பல நாடுகளிற் பரவிற்று. பாடநூல்கள் விரைந்து மாறின. அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் அதே வேகத்தில் ஆயத்தஞ் செய்யப்படவில்லை.

ஒல்லாந்து வேறு வழியைத் தேர்ந்தது. அதற்கு வழிகாட்டியவர் ஹன்ஸ் புறொய்டென்தால் (1905-1990) ஆவர். ஜேர்மனியிற் பிறந்த யூதரான இவர், நாசிகளின் ஆக்கிரமிப்புக் காலத்தில் அம்ஸ்ரர்டாமிற் பதவியிழந்து, 1946 இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். கணிதம் முடிந்த முடிபுகளின் தொகுதியன்று, மனிதர் செய்யும் ஒரு செயல் என்பது இவர் கொள்கை. எனவே மாணவன் விதியை மனனஞ் செய்தலன்றி, உலகியற் சிக்கலைத் தானே கணித வடிவாக்கப் பழக வேண்டும் என்றார்.

1968 இல் ஆரம்பப் பாடசாலைகளுக்கான 'விஸ்கோபாஸ்' செயற்றிட்டம் தொடங்கிற்று. 1971 இல் உத்ரெக்டில் அமைந்த கணிதக் கல்வி நிறுவனத்திற்குப் புறொய்டென்தாலே தலைமை தாங்கினார். கலிவரின் கதையும் அங்கே பாடமாயிற்று. குள்ளரைவிடப் பன்னிரு மடங்கு உயர்ந்த கலிவருக்கு உணவும் பன்னிரு மடங்கு போதுமா? நீளம், அகலம், உயரம் மூன்றும் 12 மடங்காதலின் கனவளவு 1728 மடங்காகும். இத்தகைய வினாவைக் கையாளும் ஆசிரியர் விடையை மாத்திரம் அறிந்திருத்தல் போதாது. பிள்ளையின் தவறான வழியையும் உணர்ந்திருத்தல் வேண்டும். ஆதலின், ஆசிரியராகப் பயில்வோர் முதலில் தாமே கணிதஞ் செய்து பார்த்து, பின்னர்ப் பிள்ளைகள் கற்கும் விதத்தை நோக்கும் பயிற்சிமுறை உருவாயிற்று.

உயர்வகுப்புகளில் நிகழ்ந்த மாற்றமும் குறிப்பிடத்தக்கது. கணித மாதிரிகளுக்கும் பிரயோகங்களுக்கும் இடமளித்த 'கணிதம் அ' என்னும் பாடம் 1981 இல் இரண்டு பாடசாலைகளிற் பரீட்சிக்கப்பட்டது. பின்னர்ப் பத்து, அதன்பின் நாற்பது என விரிந்து, 1985 இலேயே நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆசிரியர்க்கு மீள்பயிற்சி அளிக்கப்பட்டது.

இவ்வரலாறு வெற்றிப் புகழ்ச்சியாய் மாத்திரம் முடியவில்லை. எண்கணிதத் திறன் குன்றிவிட்டதென்ற கண்டனம் பிற்காலத்தில் எழுந்தது. 2009 இல் ஒல்லாந்து அரச விஞ்ஞானக் கழகம் வெளியிட்ட அறிக்கை, பழைய முறைக்கும் புதிய முறைக்குமிடையே ஒன்றை மேலானதெனத் துணியத்தக்க சான்றில்லை எனக் கண்டது. ஆசிரியரின் திறனே முக்கியமானதென வற்புறுத்தியது.

சீர்திருத்தவாதியும் கண்டனக்காரரும் இறுதியில் வந்து நிற்குமிடம் ஆசிரியர் கலாசாலையின் வாயிலே. பாடவிதானத்தை ஓராண்டில் அச்சிட்டுவிடலாம். ஆசிரியரை உருவாக்குதற்கோ பொறுமை வேண்டும். இரண்டு பாடசாலைகளிலிருந்து தொடங்கும் துணிவும் வேண்டும்.