இரண்டு பக்கமும் பார்த்த கோட்டை

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில், கடலை ஒட்டி சுமார் 170 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது மோன்ஜுயிக் மலை. உச்சியில் ஒரு பழைய ராணுவக் கோட்டை. மதில் மேல் நின்றால் ஒரு பக்கம் மத்தியதரைக் கடலும் துறைமுகமும், மறுபக்கம் மொத்த நகரமும் தெரியும்.

கோட்டையின் வரலாறும் இப்படி இரண்டு பக்கம் கொண்டதுதான். 1640-ல் ஸ்பெயின் மன்னருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த கட்டலான் மக்கள், தங்கள் நகரைக் காக்க இங்கே அவசர அவசரமாக ஒரு கோட்டை கட்டினார்கள். 1641 ஜனவரியில் மன்னரின் படை இங்கேதான் தோற்றுத் திரும்பியது. பின்னாளில் கோட்டை அரசின் கைக்குப் போனது. 18-ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவத்தில் மாற்றிக் கட்டப்பட்டது.

1842 டிசம்பர் 3 அன்று, நகரில் எழுந்த கிளர்ச்சியை அடக்க, அப்போது நாட்டை ஆண்ட எஸ்பார்த்தேரோவின் ஆணைப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் இங்கிருந்து பார்சிலோனா மீதே வீசப்பட்டன. காக்கக் கட்டிய இடமே ஊரைச் சுட்டது!

பிறகு அது சிறைச்சாலையாகவும் இருந்தது. 1940 அக்டோபர் 15 அன்று கட்டலோனிய அரசின் தலைவர் யூயிஸ் கும்பாஞ்ச், பிராங்கோ ஆட்சியில் இங்குள்ள அகழியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2007-ல் கோட்டை நகராட்சியின் பொறுப்புக்கு வந்தது. இன்று அங்கே போகிறவர்கள் கடலைப் பார்த்து ரசித்துவிட்டு, அந்த அகழிப் பக்கமும் ஒரு நிமிடம் நின்று வரலாம்.