ஷெவாவும் சேவையும்: மொன்றியலின் நீண்ட இரவு

டிசம்பர் 21ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் மொன்றியலில் மாலை நாலேகால் மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. ஆண்டின் மிக நீண்ட அந்த இரவைக் குர்து மக்கள், குறிப்பாக ஈரானியக் குர்துகள், 'ஷெவா யெல்தா' என்று கொண்டாடுகின்றனர். குர்து மொழியில் 'ஷெவ்' என்றால் இரவு. சிரியாக் மொழியிலிருந்து வந்த 'யெல்தா' பிறப்பைக் குறிக்கும். குடும்பத்தில் மூத்தவரின் வீட்டில் கூடி, மாதுளையும் கொட்டை வகைகளும் உண்டு, கதை சொல்லி விழித்திருப்பது வழக்கம்.

ஏறத்தாழ இதே ஒலியுடைய 'சேவா' என்ற இந்தியச் சொல்லுக்கும் இதற்கும் வேர்த் தொடர்பு எதுவுமில்லை. சமஸ்கிருதத்தில் அது பணிவிடை. தமிழ் வைணவர்கள் பெருமாளைத் தரிசிப்பதையே சேவித்தல் என்பர். சைவர்களுக்கோ தொண்டு என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. பெரியபுராணத்திற்குச் சேக்கிழார் இட்ட பெயரே திருத்தொண்டர் புராணம்தான். கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய அப்பரின் கையில் இன்றும் உழவாரப்படை இருக்கிறது.

பலன் கருதாப் பணியை அன்றாட வழிபாடாகவே ஆக்கியவர்கள் சீக்கியர்கள். லங்கர் எனும் பொதுச் சமையற்கூடத்தில் சமைப்பதும் பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் சேவையே. உண்ண வருபவரின் மதமோ சாதியோ கேட்கப்படுவதில்லை. மொன்றியலின் லசால் பகுதியிலுள்ள குருநானக் தர்பார் குருத்வாராவிலும் இதுவே நடைமுறை.

யெல்தா வீட்டுக்குள் நிகழ்வது; சட்டம் அதைத் தீண்டுவதில்லை. சேவையின் நிலை வேறு. அது அந்நியரை நாடி வெளியே வருகிறது, தலைப்பாகையோடு வருகிறது.

லசால் பாடசாலையொன்றில் 2001இல் சீக்கிய மாணவர் ஒருவரின் கிர்பான் குறித்து எழுந்த வழக்கில், முழுமையான தடை மதச் சுதந்திரத்தை மீறுவதாகக் கனடிய உச்சநீதிமன்றம் 2006 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆனால் 2019 ஜூனில் கியூபெக் நிறைவேற்றிய 21ஆம் இலக்கச் சட்டம், அரச பாடசாலை ஆசிரியர்கள், பொலிசார், அரச வழக்கறிஞர்கள் ஆகியோர் பணியின்போது மத அடையாளங்கள் அணிவதைத் தடை செய்தது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் அதே பதவியில் தொடரும்வரை விலக்குப் பெற்றனர். லங்கரில் யாருக்கும் உணவு பரிமாறத் தடையற்ற இளைஞர், அதே தலைப்பாகையுடன் அரச சேவையில் ஆசிரியராகச் சேர இயலாது என்றாயிற்று. இரண்டுக்கும் தமிழில் சேவை என்ற ஒரே சொல்லையே நாம் பயன்படுத்துகிறோம்.

உரிமைச் சாசனத்தின் 33ஆவது பிரிவை முன்கூட்டியே பயன்படுத்தியிருந்ததால், 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு இச்சட்டத்திற்கு எதிரான கேடயமாகவில்லை. கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் சட்டம் செல்லுபடியாகும் என்றது. அதற்கு எதிரான மேன்முறையீட்டை விசாரிக்க, 2025 ஜனவரியில் கனடிய உச்சநீதிமன்றம் இணங்கியது.