ஸ்கின் கலர்

நெம்மேலியில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வரும் குப்பத்தில், சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குப் படக்கதை வாசித்துக்காட்டுகிறேன். ஒருநாள் அவரவர் முகத்தை வரையச் சொன்னேன். "ஸ்கின் கலர் குடுங்கக்கா" என்று கை நீட்டினாள் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அவள் கேட்டது வெளிர் பீச் நிறக் கிரேயானை. நீட்டிய கையோ நல்ல கறுப்பு.

அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் அந்த நிறத்தை 'ஃபிளெஷ்', அதாவது சதை என்ற பெயரிலேயே விற்றுவந்தது. 1962இல்தான் 'பீச்' என்று மாற்றியது. எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோவி டே' படக்கதை வந்ததும் அதே ஆண்டில்தான். அதில் வரும் பீட்டர் கறுப்பினச் சிறுவன். அவன் நிறத்தைப் பற்றிக் கதையில் ஒரு பேச்சும் கிடையாது. பனியில் விளையாடுகிறான், அவ்வளவுதான். அங்கே பெயர் மாறி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் பிள்ளைகளின் வாயில் இன்னும் அதுதான் தோலின் நிறம்.

சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா, ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் படக்கதைகளைக் கொண்டுவந்தது. மகாசுவேதா தேவி எழுத, கன்யிகா கினி வரைந்த 'தி வை-வை கேர்ள்' அவர்கள் வெளியிட்டதுதான். அதன் நாயகி மொய்னா, ஆடு மேய்க்கும் சபர் பழங்குடிச் சிறுமி. எஜமானர் வீட்டு மிச்சச் சோற்றை நான் ஏன் தின்ன வேண்டும் என்று கேட்பவள். நீயும் அழகுதான் என்று அவளை யாரும் தேற்றுவதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். 'உன்னை நீ நேசி' வகைப் புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவமானப்படுத்தியவரை விட்டுவிட்டு, அவமானப்பட்ட குழந்தைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிற புத்தகங்கள் அவை.

மொய்னாவின் கதையை முடித்ததும் அந்தச் சிறுமி சொன்னாள்: "நெறம்லாம் பரவால்லக்கா. கவிச்சி அடிக்குதுன்னு பக்கத்துல உக்கார மாட்டேங்குறாங்க." அவள் அம்மா கூடையில் மீன் விற்பவர். நான்தான் நிறத்தையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுச் சோற்றின் வாசனை எப்போது நாற்றமாகிறது என்பது சாதியின் கணக்கு. அந்தக் கணக்கைக் குழந்தை இலக்கியத்துக்குள் இழுத்துவந்தவர்களும் பெண்ணியவாதிகளே. ஹைதராபாத்தின் அன்வேஷி பெண்கள் ஆய்வு மையம் 2008இல் 'டிஃபரன்ட் டேல்ஸ்' வரிசையைக் கொண்டுவந்தது. தலித், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், வேலையும் செய்கிற பிள்ளைகள் அதில் நாயகர்கள். கோகு சியாமளா எழுதினார். முகமது கதீர் பாபுவின் கதையில் ஆட்டுத்தலைக் கறிதான் விஷயமே. தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் வந்தது. அந்த மூன்றில் தமிழ் இல்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தல்.

தலைக்கறிக் கதையை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். அடுத்த வாரம் அவள் தன் அம்மாவின் சுறாப்புட்டைச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். வாசித்துக்காட்டியபோது நிறுத்தினாள். "பூண்ட முன்னாடியே போடணும்க்கா. தப்பா எழுதியிருக்கீங்க."