வகுப்பெண்ணும் காற்றுமாற்று வீதமும்: கொழும்பின் ஈரத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

தூய்மை அறை வடிவமைப்புப் பற்றிய எழுத்துகளில் ஒரு வாய்பாடு வெகுகாலமாகக் கைமாறி வருகிறது. ஐஎஸ்ஓ 8ஆம் வகுப்புக்கு மணிக்கு 20 காற்றுமாற்றம், 7ஆம் வகுப்புக்கு 60. வகுப்பெண் குறையக் குறைய வீதம் மடங்காக ஏறும். வெப்பவலயக் கடற்கரை நகரங்களில் இதற்கு மேலும் ஒரு பங்கு கூட்டவேண்டும் என்போரும் உளர். இக்கட்டுரை அந்த மரபோடு முரண்படுகிறது. கொழும்பு போன்ற ஊரில் இவ்வாய்பாடு பணத்தை விழுங்குவதோடு, அறையின் தூய்மைக்கே கேடாகவும் முடியலாம்.

ஐஎஸ்ஓ 14644-1 (1999, திருத்தம் 2015) வகுப்பு அட்டவணையில் காற்றுமாற்றத்துக்கு இடமே இல்லை. 0.5 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள துகள்கள் கன மீட்டருக்கு 8இல் 3,520,000, 7இல் 352,000 என்ற உச்சவரம்புகளையே அது தருகிறது. கட்டி முடித்த நிலை, ஓய்வு நிலை, இயக்க நிலை ஆகியவற்றுள் எதில் எண்ணியது என்றும் குறிக்கச் சொல்கிறது. எப்படி அந்த எண்ணை எட்டுவது என்பது வடிவமைப்பாளர் பாடு.

அப்படியாயின் 20 எங்கிருந்து வந்தது? கிருமியற்ற மருந்து உற்பத்தி பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004 செப்டெம்பரில் வெளியிட்ட வழிகாட்டலே வழக்கமாகக் காட்டப்படும் சான்று. அதில் சொல்லப்படுவது இவ்வளவுதான்: 8ஆம் வகுப்புத் துணை அறைகளில் மணிக்குக் குறைந்தது 20 காற்றுமாற்றம் இருந்தால் பொதுவாக ஏற்கலாம். துணை அறைகளைப் பற்றியது, பொதுவாகச் சொன்னது, ஒரே ஒரு வகுப்புக்கானது. இதை அடிப்படை எண்ணாக வைத்து மும்மடங்காக்க அந்த வாசகத்தில் எந்த அனுமதியும் இல்லை.

ஆனால் அடுத்த வாக்கியம் எனக்கு எதிராக நிற்கிறது என்பதை மறைக்கலாகாது. மேலான வகுப்புகளுக்குக் கணிசமாக உயர்ந்த வீதம் வழமையாகத் தேவைப்படும் என்கிறது அது. வாய்பாட்டு மரபு தன் முழுப் பாரத்தையும் இதன்மேல்தான் சாய்க்கிறது. இரண்டு செய்திகளை அம்மரபு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அந்த வாக்கியத்தில் எண் கிடையாது. அதே வழிகாட்டல் வகுப்பை இயக்க நிலையில், ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கையில் நிறுவக் கேட்கிறது. உயர்ந்த வீதத்தின் தேவை ஆட்கள் உதிர்க்கும் துகள்களிலிருந்து பிறக்கிறது என்றால், ஆட்களின் எண்ணிக்கையும் அவர்கள் அணியும் உடையும் தெரியாமல் வீதத்தை எழுதுவது எப்படி?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம்: 54 கன மீட்டர். உள்ளே இருவர்; ஒருவர் நிமிடத்துக்கு 10 இலட்சம் துகள் உதிர்ப்பதாகக் கொள்வோம். மணிக்கு 20 காற்றுமாற்றமென்றால் நிமிடத்துக்கு 18 கன மீட்டர் வடிகட்டிய காற்று. நன்கு கலந்த காற்றில் செறிவு கன மீட்டருக்கு ஏறத்தாழ 111,000. 7ஆம் வகுப்பின் வரம்பில் மூன்றிலொன்றைத் தொடவில்லை. முழுமையாகக் கலத்தல் என்பது இலட்சிய நிலை. மூலைகளில் செறிவு கூடும். அதற்கும் இடமிருக்கிறது. ஒருதிசைப் பாய்வுப் பகுதிகள் இக்கணக்குக்கு வெளியே. அங்கே காற்றின் வேகமே ஆளும்.

60ஐ எடுத்தால் கொழும்பில் என்ன நடக்கும்? வெளியே 30 பாகை, சாரீரப்பதன் 75 வீதம்: கிலோ காற்றில் 20 கிராம் நீராவி. உள்ளே 22 பாகை, 50 வீதம்: 8 கிராமுக்குச் சற்று மேல். புதுக்காற்றை மொத்தக் காற்றின் 15 வீதமாக வைப்பது வழக்கமென்றால், 20 காற்றுமாற்றத்தில் குளிர்ச்சுருள் மணிக்கு இரண்டேகால் லீட்டர் நீரைப் பிழியவேண்டும். 60இல் ஆறரை லீட்டருக்கும் மேல். சுருள் அதைத் தாங்காத நாளில் ஈரம் வடிகட்டிக்குப் போகும். நனைந்த வடிகட்டியில் பூஞ்சணம் பிடிக்கும்.

கொழும்பின் கடலோரமான வெள்ளவத்தையில் இன்னொன்றும் சேர்கிறது. கடலுப்பின் பெரும்பகுதியான சோடியங் குளோரைட்டு, சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றின் நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். மெரைன் டிரைவ் பக்கத்துக் கட்டடத்தின் முன்வடிகட்டியில் பகலில் படிந்த உப்பு, இரவில் உவர்நீராகி நாரினூடே கசிந்து, சுருளின் அலுமினியத் தகடுகளை அரிக்கத் தொடங்கும். உள்ளிழுக்கும் வெளிக்காற்றை மூன்று மடங்காக்குவது இந்த உப்பையும் மூன்று மடங்காக்குவதே. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையில் லொறிப் புகைக்கரியும் சேரும். வகுப்பு அட்டவணைக்கு இவை எதுவும் தெரியாது. ஹெப்பா வடிகட்டிக்குப் பின்னால் எடுத்த எண்ணிக்கை பல மாதம் நன்றாகவே இருக்கும்.

குறைந்த வீதத்தில் அறை மீளத் தாமதமாகும் என்பார்கள். ஆகாது. 20 காற்றுமாற்றத்தில் துகள் நூறிலொன்றாகக் குறைய 14 நிமிடம் போதும். ஐரோப்பிய ஒன்றிய மருந்து உற்பத்தி நெறிமுறையின் முதலாம் இணைப்பு வழிகாட்டும் 20 நிமிட வரம்புக்குள் அது அடங்குகிறது. 2019இல் வந்த ஐஎஸ்ஓ 14644-16உம் துகள் மூலத்தை மதிப்பிட்டுக் காற்றோட்டத்தைக் குறைக்கவே வழிசொல்கிறது.

2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. அத்தகைய வேளையிலும் அறைக்கும் வெளிக்கும் இடையே அழுத்த வேறுபாட்டைக் காப்பது சுழலும் காற்றின் பெருக்கமன்று. வெளியேறுவதைவிட மிகையாக உள்ளே தள்ளப்படும் புதுக்காற்று. ஆகவே ஜெனரேட்டரில் முதலிடம் புதுக்காற்று விசிறிக்கும் அதன் ஈரநீக்கிச் சுருளுக்கும் தரப்படவேண்டும். 60க்காகக் கட்டப்பட்ட விசிறி ஒன்றே எல்லாவற்றையும் சுழற்றும் அறையில் அவற்றைப் பிரித்து ஓட்ட வழியிராது. ஆதலால் கொழும்பு அறைகளில் புதுக்காற்றுப் பிரிவைத் தனி அலகாகவும், நீர்விலக்கும் முன்வடிகட்டியோடும், பூச்சிட்ட சுருளோடும் வரைபடத்திலேயே எழுதவேண்டும். சுழற்சி வீதத்தை ஆட்களை எண்ணிய பின்னரே எழுதலாம்.