பட்டம், கில்லத்து, ஒரு ஜாக்கெட்

பொங்கல் லீவுக்கு முத்துப்பேட்டை போனவன், வயல் பக்கம்கூட எட்டிப் பார்க்காம 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' விளையாடிக்கிட்டுக் கிடந்தேன். 2010ல் வந்த கேம். பாலைவனம், பல கோஷ்டிகள். பிரதர்ஹுட் என்கிற கோஷ்டிக்கு எடுபிடி வேலையெல்லாம் முடிச்சுக் கொடுத்தா, நம்மளைச் சேர்த்துக்கிட்டு இரும்புக் கவசம் போடப் பழக்கிவிடுவாங்க. ஆனா கோஷ்டி உடுப்பில் ஒரு வில்லங்கம் இருக்கு. என்.சி.ஆர் சீருடையோட லீஜன் ஆளுங்க கண்ணுல பட்டா பேச்சே கிடையாது, அடிதான். உடுப்பே நாம யாரோட ஆள்னு சொல்லிடும்.

இது ஏதோ கேம்காரன் கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க. 'பட்டம்' என்பதே நெற்றியில் கட்டுற பொன் தகடுதான். அதனாலதான் பட்டம் 'கட்டுறோம்'. பழைய தமிழ் மன்னர்கள் படைத்தலைவனுக்கு 'ஏனாதி' பட்டம் கொடுத்தப்ப கூடவே மோதிரமும் போட்டாங்க.

முகலாயர்கள் இதை ஒரு சிஸ்டமாவே ஆக்கினாங்க. பேரு கில்லத்து. தலைப்பாகை, நீள அங்கி, இடுப்புக்கச்சைன்னு 3 உருப்படி. தகுதி கூடினா 5, 7. இன்னொரு பேரு 'சரோபா'. பாரசீகத்தில் தலை முதல் கால் வரைன்னு அர்த்தம். நம்ம கேம் பாஷையில் ஃபுல் செட்! பாதுஷா தான் உடுத்தினதையே கொடுத்தா அது உச்ச மரியாதை. வாங்கி உடுத்திட்டா அவரோட ஆள்.

1666 மே மாசம், ஆக்ரா. ஔரங்கசீப்பின் பிறந்தநாள் தர்பார். சிவாஜியை 5000 மன்சப்காரங்க வரிசையில் நிக்க வெச்சாங்க. ஜஸ்வந்த் சிங்குக்கெல்லாம் கில்லத்து வந்தது, இவருக்கு வரலை. கொதிச்சுப் போய் முதுகைக் காட்டி நடந்துட்டார். அப்புறம் கொண்டுவந்து நீட்டினப்பவும் உடுத்த மாட்டேன்னுட்டார். விளைவு, காவல். ஆகஸ்டில் தப்பிச்சார். 1674ல் ராய்கட்டில் தானே முடிசூட்டிக்கிட்டார்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். அவரோட மாற்றாந்தாய் தம்பி ஏகோஜி, பீஜப்பூர் சுல்தானின் தளபதி. 1670களில் தஞ்சாவூர் நாயக்க வாரிசுக்கு உதவச் சொல்லி சுல்தான் அனுப்பின ஆள். வந்தார், ஜெயிச்சார், கொஞ்ச நாள்ல சிம்மாசனத்துல தானே உக்காந்துட்டார். அந்த வம்சம் 1855 வரை இருந்தது. அண்ணன் உடுப்பை மறுத்தார், தம்பி கோஷ்டியே மாறினார். ரெண்டுக்கும் தைரியம் வேணும்.

எனக்கு அது இல்லை. போன வருஷம் பெரிய ரிலீஸ் முடிச்சதுக்கு ஆபீஸ்ல பேர் தைச்ச ஜாக்கெட் கொடுத்தாங்க. சென்னை வெயிலுக்கு ஜாக்கெட் :-) பெருமையா மாட்டிக்கிட்டு போட்டோ எல்லாம் எடுத்தேன். அதுலேர்ந்து சனி, ஞாயிறு எல்லாம் "நீ நம்மாளாச்சேப்பா"தான். அப்பாயி படுக்கையில் கிடந்தப்ப லீவு கேட்டேன், அடுத்த வாரம் போன்னாங்க. அடுத்த வாரம் காரியத்துக்குத்தான் போனேன்.

இந்தத் தடவை அந்த ஜாக்கெட்டை ஊருக்கு எடுத்துட்டுப் போய் விட்டுட்டு வந்துட்டேன். அப்பா தைப் பனிக்கு அதை மாட்டிக்கிட்டு வயலுக்குப் போறார். அவருக்கு அது வெறும் சட்டை.

டிஸ்கி: ராஜினாமா மெயில் இன்னும் டிராஃப்ட்லதான் இருக்கு.